கிளாத்தித் தோலுக்கு யார் விலை சொல்வது?

வடசென்னையின் மீன்பிடித் துறைமுகமான காசிமேட்டில் கிளாத்தி மீனைத் தோலோடு சமைக்கிறவர்கள் கிடையாது. உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று இருக்கும் அந்தத் தோல் எவ்வளவு கொதித்தாலும் பல்லுக்கு ஆகாது. மீன் வெட்டுகிற அக்காக்கள் தலைக்குப் பின்னால் ஒரு வெட்டுப் போட்டு, விரலை உள்ளே விட்டு ஒரு இழு இழுப்பார்கள். முழுத் தோலும் கையோடு வந்துவிடும். அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பக்கத்தில் இருக்கும் ட்ரம்மில் எறிவார்கள். சங்கராவின் செதில், வஞ்சிரத்தின் குடல், கொடுவாவின் செவுள், இறால் தலை, நண்டு ஓடு, கழுவிய ரத்தத் தண்ணீர் எல்லாம் அதே ட்ரம்மில்தான் விழுகின்றன. வெயில் ஏறும்போது அந்த வாடை துறைமுக வாசலைத் தாண்டி சூரியநாராயண செட்டித் தெருவுக்கு வந்துவிடும்.

நான் ராயபுரத்துக்காரி. கல்லூரியில் உயிர்வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். எங்கள் பக்கத்தில் மீன் கழிவு என்று பேச்சு எடுத்தால் அது நாற்றத்தைப் பற்றிய பேச்சாகவே போய்விடும்: லாரி வந்ததா, சாக்கடை அடைத்துக்கொண்டதா, நாய்கள் இழுத்துப் போட்டனவா என்று. அந்த ட்ரம்முக்குள் என்ன இருக்கிறது என்று பேசுகிறவர்கள் குறைவு. நான் அதைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தோல், செதில், ஓடு, குடல் நான்கும் வேறு வேறு பொருட்கள். தனித்தனியாக இருக்கும்வரை ஒவ்வொன்றுக்கும் ஒரு தொழில் இருக்கிறது, ஒரு விலை இருக்கிறது. நான்கும் ஒன்றாக விழுந்து சில மணி நேரம் வெயிலில் கிடந்துவிட்டால் அத்தனையும் உரத்துக்குத்தான் ஆகும், அதுவும் நல்ல நாளாக இருந்தால்.

தோலிலிருந்து தொடங்குகிறேன். மீன் தோல், செதில், முள், காற்றுப்பை ஆகிய எல்லாவற்றிலும் முக்கியமான புரதம் கொலாஜன். நம் தோலையும் எலும்பையும் தாங்கி நிற்பதும் அதுவே. கொலாஜனைச் சுடுநீரில் வேகவைத்தால் ஜெலட்டின் ஆகும். நேற்று வைத்த மீன்தலைக் குழம்பு ஃபிரிட்ஜில் கூழ்போல் கட்டிப் போவது அந்த ஜெலட்டினால்தான். ராமேசுவரம் பக்கம் கூறல் மீனின் காற்றுப்பையை நெட்டி என்று சொல்லி, மீனைவிட அதிக விலைக்குத் தனியாக விற்கிறார்கள். பீரையும் ஒயினையும் தெளியவைக்க மீன் காற்றுப்பைகளைத்தான் காலங்காலமாகப் பயன்படுத்தி வந்தார்கள். ஆக, மீனின் உடம்பில் தூக்கி எறிகிற பகுதிக்கு விலை வைப்பது நம் கடற்கரைக்குப் புதிதில்லை. கூறல் நெட்டிக்குக் கிடைத்த மரியாதை கிளாத்தித் தோலுக்கு இன்னும் வரவில்லை, அவ்வளவுதான்.

வகுப்பில் கொலாஜன் நடத்தும்போது பிள்ளைகளிடம் நான் தவறாமல் சொல்லும் கதை ஒன்று உண்டு. இந்தப் புரதத்தின் அமைப்பைக் கண்டுபிடித்தது நம் ஊரில்தான். 1952இல் ஜி. என். ராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தார். அதே ஆண்டு இங்கே வந்த ஜே. டி. பெர்னல் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி, கொலாஜனின் அமைப்பு இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை என்று அவரிடம் சொன்னார். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் வேலையில் இறங்கினார்கள். எக்ஸ்-கதிர்ப் படம் எடுக்கக் கொலாஜன் வேண்டுமே? பக்கத்தில் அடையாற்றில் இருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து முதலில் கிடைத்தது சுறாத் துடுப்பின் கொலாஜன். அதில் படம் தெளிவாக விழவில்லை. அப்புறம் கங்காரு வாலின் தசைநாணைக் கொண்டு எடுத்த படம் கைகொடுத்தது. 1954இல் அவர்களுடைய கட்டுரை நேச்சர் இதழில் வந்தது. அடுத்த ஆண்டே அதைத் திருத்தி இன்னும் செம்மையாக்கினார்கள். மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு கயிறாகத் திரிந்திருக்கும் அமைப்பு, ஒவ்வொரு இழையிலும் மூன்றாவது இடமெல்லாம் கிளைசின் என்ற அமினோ அமிலம். இன்று உலகம் முழுக்கப் பாடப்புத்தகத்தில் இருப்பது இதுதான். கிண்டியில் சுறாத் துடுப்பை வைத்து ஆரம்பித்த வேலை இது. அதே ஊரின் வடக்கு முனையில் டன் கணக்கில் மீன் தோல் குப்பைக்குப் போவதை நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

எல்லா மீனின் கொலாஜனும் ஒன்றில்லை. மூன்று இழைகளும் பிரியாமல் இருக்க உதவுவது ஹைட்ராக்சிபுரோலின் என்ற அமினோ அமிலம். குளிர்ந்த கடலில் வாழும் மீனுக்கு அது குறைவாக இருந்தாலே போதும், ஏனென்றால் அதன் உடம்பு தண்ணீரின் வெப்பத்திலேயே இருக்கிறது. வட அட்லாண்டிக்கின் காட் மீனுடைய கொலாஜன் கிட்டத்தட்ட 15 டிகிரியிலேயே அவிழத் தொடங்கும். அதன் ஜெலட்டின் சாதாரண அறை வெப்பத்தில் கட்டிப்படவே படாது. நம் வங்கக் கடலின் மேல்தண்ணீர் ஆண்டின் பெரும்பகுதி 28, 29 டிகிரியில் இருக்கிறது. அதில் வாழும் மீனின் கொலாஜன் அந்த வெப்பத்தைத் தாங்கியே ஆக வேண்டும், அதனால் உறுதி கூடுதல். மாட்டுத் தோலின் அளவுக்கு வராது. மனித உடம்பின் 37 டிகிரியில் நிற்க வேண்டுமானால் இழைகளுக்கு இடையே கூடுதல் பிணைப்புக் கொடுத்தாக வேண்டும். ஆனாலும் ஐரோப்பியக் குளிர்க்கடல் தோலைவிட நம் தோல் ஒரு படி மேல். மாடு, பன்றி வேண்டாம் என்கிறவர்களும் மீன் கொலாஜனுக்கு மறுப்புச் சொல்வதில்லை.

குறைந்த உறுதி உள்ள அந்த காட் மீனை வைத்துக்கொண்டே ஐஸ்லாந்துக்காரர்கள் செய்திருப்பதைப் பாருங்கள். ஈசாஃபியோர்துர் என்ற ஊரில் மூவாயிரம் பேர்கூட இல்லை. அங்கே தொடங்கிய கெரெசிஸ் என்ற நிறுவனம் காட் தோலிலிருந்து மீனின் செல்களை நீக்கி, உறைநிலையில் உலர்த்தி, ஆறாத புண்களின் மேல் வைக்கும் மருந்துத் தாளாக விற்கிறது. 2013இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 2023இல் டென்மார்க்கின் கோலோபிளாஸ்ட் அந்த நிறுவனத்தை 130 கோடி டாலர் வரை கொடுப்பதாகப் பேசி வாங்கியது. பிரேசிலில் ஃபோர்ட்டலேசா நகரத்து மருத்துவர்கள் திலேப்பியாவின் தோலைக் கிருமி நீக்கித் தீக்காயத்தின் மேல் ஒட்டிப் பார்த்தார்கள். திலேப்பியா என்றால் வேறொன்றுமில்லை, நம் ஜிலேபி மீன். அந்தத் தோல் காயத்தோடு ஒட்டிக்கொள்கிறது, தினமும் கட்டைப் பிரித்து மாற்ற வேண்டிய தேவை குறைகிறது.

தீக்காயத்தின் கட்டைப் பிரிக்கும் வலியைப் பற்றி எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஸ்டவ் வெடித்து, கேஸ் கசிந்து, கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரியின் தீக்காயப் பிரிவுக்குப் போனவர்கள் வடசென்னையில் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். என் தோழியின் அம்மாவும் அங்கே இருந்தார். காலையில் டிரெஸ்ஸிங் மாற்றும் நேரத்தில் வராந்தாவில் நின்றவர்களுக்கு அந்தச் சத்தம் மறக்காது. மீன் கொலாஜனில் செய்த காயத் தாள்கள் சென்னையிலேயே தயாராகின்றன, மருந்துக் கடைகளில் கிடைக்கின்றன. அவை இன்னும் மலிவாகவும் இன்னும் நிறையவும் வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். மூலப்பொருள் அந்த ஆஸ்பத்திரியிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில்தான் கிடக்கிறது.

சரி, கிளாத்தித் தோலில் கொலாஜன் எடுக்க முடியுமா? எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் பிள்ளைகளோடு செய்து பார்த்தோம். முறை ஒன்றும் ரகசியமில்லை. தோலைக் கழுவி, சிறு துண்டுகளாக நறுக்கி, மெல்லிய காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைத்து மற்றப் புரதங்களை நீக்க வேண்டும். பியூட்டைல் ஆல்கஹாலில் கொழுப்பை எடுக்க வேண்டும். பிறகு அசிட்டிக் அமிலத்தில், 4 டிகிரி குளிரில், இரண்டு மூன்று நாள் மெதுவாகக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். தோல் ஊதிப் பருத்து, கண்ணாடிபோல் ஆகி, கரைசல் தேன் பதத்துக்கு வரும். வடிகட்டி எடுத்து உப்பைப் போட்டால் வெள்ளை வெள்ளையாக நார்கள் திரண்டு மேலே வரும். முதல் முறை அந்த நார்கள் வந்தபோது, காசிமேட்டிலிருந்து வரும் ஒரு மாணவி கண்ணாடிக் குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "மேடம், இது எங்க அம்மா தெனமும் தூக்கிப் போடறது" என்றாள்.

அடுத்து நான் பார்க்க விரும்பியது வேறொன்று. ஒரே நாளில், ஒரே மீன் குவியலிலிருந்து இரண்டு விதமாகத் தோல் எடுத்து வந்தோம். ஒன்று, வெட்டிய கையோடு ஐஸில் போட்டது. இன்னொன்று, மதியம் ட்ரம்மின் அடியிலிருந்து எடுத்தது. ஐஸில் வந்தது பால் நிறத்தில் நாராகத் திரண்டது. ட்ரம்மில் கிடந்தது பழுப்பு நிறத்தில் கொழகொழவென்று வந்தது, அளவும் குறைவு, எத்தனை அலசினாலும் வாடை போகவில்லை. காரணம் எளியது. குடலில் செரிமான நொதிகள் இருக்கின்றன. மீன் உயிரோடு இருந்தபோது உணவை உடைத்த அதே நொதிகள் இப்போது தோலை உடைக்கின்றன. கூடவே கிருமிகளும் சேர்ந்துகொள்கின்றன. சென்னையின் வெயிலில் இரண்டுக்கும் கொண்டாட்டம். ஒருமுறை அறுந்த இழையை எந்த ஆய்வகத்தாலும் மறுபடி முறுக்க முடியாது.

அதனால்தான் சொல்கிறேன்: இந்தத் தொழிலில் மிக நுட்பமான வேலை ஆய்வகத்தில் இல்லை, வெட்டுகிற இடத்தில் இருக்கிறது. கொலாஜனின் தரத்தைத் தீர்மானிக்கிறவர், கத்தியைப் பிடித்திருக்கிற அந்த அக்காதான்.

நான் தோல் வாங்கும் அக்காவிடம் இதைச் சொன்னேன். அவர் முதலில் கேட்டது, "இன்னாம்மா, இந்தத் தோலு உனுக்கு இன்னாத்துக்கு?" விளக்கினேன். புண்ணுக்குக் கட்டலாம், மாத்திரைக் கூடு செய்யலாம், முகத்துக்குப் பூசும் கிரீமில் போடுகிறார்கள் என்றேன். மீனை வெட்டிக்கொண்டே கேட்டவர் நேராக விஷயத்துக்கு வந்தார். "தனியாப் போடுன்னா போட்டுர்றேன். அதுக்கு ஒரு டப்பு வேணும். டப்பு வைக்க எடம் வேணும். ஐஸு யாரு தருவா? மீனுக்கு வாங்குற ஐஸே கட்டுப்படியாவல. கூட்டம் நிக்கும்போது தோலு ஒரு பக்கம், கொடலு ஒரு பக்கம்னு பாத்துக்கினு இருந்தா, கஸ்டமரு அடுத்த கல்லுக்குப் பூடுவாரு. கிலோவுக்கு இன்னா தருவ, அத்த சொல்லு மொதல்ல."

திட்ட அறிக்கைகள் பக்கம் பக்கமாக எழுதுவதை அவர் ஒரு மூச்சில் சொல்லிவிட்டார். இடம், ஐஸ், நேரம், விலை. வெட்டுக்கூலிதான் அவருடைய வருமானம். கழிவை எடுத்துப்போக அவரே யாருக்காவது காசு கொடுக்கிறார். அந்தக் கழிவிலிருந்து ஒருவர் மருந்துப் பொருள் செய்து விற்றாலும் இவருக்கு ஒரு ரூபாய் வராது என்றால், எதற்காக அவர் தனியாகப் பிரிக்க வேண்டும்?

இறால் ஓட்டுக்கு வருகிறேன். இறாலில் தலையும் ஓடும் சேர்ந்தால் எடையில் கிட்டத்தட்டப் பாதி. ஓட்டில் சுண்ணாம்பும் புரதமும் கைட்டின் என்ற நார்ப்பொருளும் பின்னிக் கிடக்கின்றன. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சுண்ணாம்பைக் கரைத்து, காஸ்டிக் சோடாவில் புரதத்தை நீக்கினால் கைட்டின் மிஞ்சும். அதை மிக அடர்த்தியான காஸ்டிக் சோடாவில் சூடாக்கினால் கைட்டோசன். இந்தத் தொழில்நுட்பத்தை நம் நாட்டில் வளர்த்தெடுத்ததில் கொச்சியில் 1957இல் தொடங்கிய மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிலையத்துக்குப் பெரும்பங்கு உண்டு. கைட்டோசன் லேசான அமிலத்தில் கரைந்ததும் நேர்மின்னூட்டம் பெறும். ரத்த அணுக்களின் மேல்பரப்பு எதிர்மின்னூட்டம் உள்ளது. அதனால் காயத்தில் வைத்தால் ரத்தத்தைச் சட்டென்று உறையவைக்கும். கலங்கிய தண்ணீரைத் தெளியவைக்கும், விதைக்குப் பூசினால் பயிரின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும். மூட்டுவலிக்கு நம் வீட்டுப் பெரியவர்கள் விழுங்கும் குளுக்கோசமைன் மாத்திரையும் பெரும்பாலும் இறால், நண்டு ஓட்டிலிருந்து வருவதுதான். ஓட்டின் வசதி என்னவென்றால், கழுவிக் காயவைத்துவிட்டால் மாதக்கணக்கில் கெடாது. தோலைப்போல் ஐஸ் கேட்காது.

ஆனால் இங்கே எனக்கு ஒரு பயம் இருக்கிறது, அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கைட்டோசன் ஆலை என்றால் அமிலம், காரம், லாரி லாரியாகக் கழுவுநீர். எண்ணூர், மணலி, திருவொற்றியூர்க் கரை இதற்குமேல் ஒரு சுமையைத் தாங்குமா? 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது, மீனவர்களே குடத்தாலும் கையாலும் அள்ளினார்கள். அதே மாதம் அம்மோனியா கசிந்து நள்ளிரவில் சனங்கள் வீட்டைவிட்டு ஓடினார்கள். மீன் கழிவைச் சுத்தம் செய்கிறோம் என்று சொல்லி அதே மக்களின் வாசலில் இன்னொரு ரசாயன வடிகாலைத் திறந்துவிடக் கூடாது. ஓட்டைக் கழுவிக் காயவைத்து மூட்டை கட்டுவது வரை இங்கே நடக்கட்டும். அதற்கு மேல் செய்வதானால், லாக்டிக் பாக்டீரியாவையும் வெல்லப்பாகையும் கொண்டு புளிக்கவைக்கும் முறை இருக்கிறது. பாக்டீரியா உண்டாக்கும் அமிலமே சுண்ணாம்பைக் கரைக்கும், புரதமும் தளர்ந்து பிரியும். ரசாயன முறையின் அளவுக்குத் தூய்மை வராது, நேரமும் பிடிக்கும். பயிருக்குத் தெளிக்கும் தரத்துக்கு அது போதும். மருந்துத் தரத்துக்கு மட்டும் கடுமையான கழிவுநீர்ச் சுத்திகரிப்பு உள்ள ஆலைக்கு ஓட்டை அனுப்பலாம்.

குடலுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதை நம் விவசாயிகளே பயன்படுத்தி வருகிறார்கள்: மீன் கழிவும் நாட்டு வெல்லமும் சம எடை, மூடிய பாத்திரம், மூன்று வாரத்துக்கு மேல் காத்திருப்பு, வருவது மீன் அமிலம். பெரிய அளவில் செய்ய ஃபார்மிக் அமிலம் போதும். அரைத்த கழிவில் நூற்றுக்கு மூன்று பங்கு சேர்த்தால் கெடுக்கும் கிருமிகள் அடங்கிவிடும், மீனின் சொந்த நொதிகள் சில நாளில் எல்லாவற்றையும் கூழாக்கிவிடும். கரண்டும் வேண்டாம், கொதிகலனும் வேண்டாம். ராஜா அண்ணாமலைபுரத்தில் இருக்கும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் மீன் கழிவிலிருந்தே இறால் குளத்துக்கு பிளாங்டன் பிளஸ், செடிகளுக்கு ஹார்ட்டி பிளஸ் என்று இரண்டு பொருட்களை உருவாக்கியிருக்கிறது. எங்கள் மொட்டைமாடிக் கத்தரிச் செடிக்கு நான் மீன் அமிலம்தான் ஊற்றுகிறேன். ஒரு எச்சரிக்கை மட்டும்: ஈரலிலும் சிறுநீரகத்திலும் காட்மியம் போன்ற உலோகங்கள் சேரும். ஆலைக் கழிவு கலக்கும் கழிமுகத்து மீனின் குடலைக் காய்கறிக்குப் போடுவதற்குமுன் சோதித்தாக வேண்டும்.

விசைப்படகுகள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், கடலுக்குப் போவதில்லை. அந்தத் தடைக்காலத்தில் ஃபைபர் படகு கொண்டுவரும் மீன்தான். தோலை நம்பி ஒரு சிறு ஆலை நடக்க வேண்டுமானால் அந்த இரண்டு மாதத்துக்கும் உறைநிலையில் தோல் சேர்த்து வைத்திருக்க வேண்டும். ஆக, எங்கு சுற்றினாலும் பேச்சு குளிர் அறையில்தான் வந்து நிற்கிறது. துறைமுகத்தை நவீனப்படுத்தும் வேலைகளில் ஏலக் கூடத்துக்கும் படகுத் துறைக்கும் ஒதுக்குகிற கவனத்தில் ஒரு பங்கு வெட்டும் இடத்துக்கும் கிடைக்க வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்கல்லுக்கும் நல்ல தண்ணீர்க் குழாய், தோலுக்கும் ஓட்டுக்கும் குடலுக்கும் தனித்தனித் தொட்டி, கழிவுத் தோலுக்கென்றே ஐஸ், பக்கத்திலேயே ஒரு சிறு குளிர் அறை. கொலாஜன் நிறுவனமோ உர நிறுவனமோ யார் வந்தாலும் வெட்டுகிற பெண்களின் குழுவிடமிருந்து எடை போட்டு வாங்க வேண்டும். அன்றைய விலை மீன் விலையைப்போல் பலகையில் எழுதியிருக்க வேண்டும். இலவசமாக அள்ளிக்கொண்டு போகும் ஒப்பந்தக்காரருக்கு மொத்தமாகக் குத்தகை விட்டால், பிரிக்கும் வேலையை யாரும் செய்யமாட்டார்கள், கிடைப்பது மறுபடியும் ட்ரம்தான்.

இப்போதைக்கு எங்களால் முடிந்தது சின்ன வேலை. அந்த அக்காவும் பக்கத்துக் கல்லில் இருக்கிற சிலரும் கிளாத்தித் தோலைத் தனி டப்பில் போட ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஐஸும் டப்பும் எங்கள் செலவு, தோலுக்குக் கிலோக் கணக்கில் பணம். ஒரு கிலோ தோலுக்கு எவ்வளவு ஐஸ் உருகுகிறது, பிரிக்க எவ்வளவு நேரம் கூடுதலாகப் போகிறது, உலர்ந்த கொலாஜன் எவ்வளவு தேறுகிறது என்று மாணவிகள் குறித்துக்கொண்டு வருகிறார்கள். இந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு பொன்னேரி மீன்வளக் கல்லூரிக்குப் போகலாம் என்றிருக்கிறோம். எந்த விலைக்குக் கீழே போனால் அக்காக்களுக்கு நட்டம் என்பது அதில் முதல் வரியாக இருக்கும்.